வலது ஓர வரிசை

டோக்கியோ
14 மே 1973

அன்புத் தம்பி கட்சுமிக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய் என்பதை விளையாட்டுச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஏப்ரலில் ஆறாவது சுற்றில் ஜெயித்தாயாமே. மூன்று வரி போட்டிருந்தான். அதைக் கத்தரித்து, பூஜை மாடத்தில் இருக்கும் அம்மாவின் பெயர்ப்பலகைக்கு முன்னால் வைத்து ஊதுவத்தி ஏற்றினேன். அம்மாவுக்கு மூன்று வரியாவது கிடைத்தது. எனக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. ஆண்டவன் கொடுத்த இரண்டு கையும் அடுத்தவனை அடிக்க மட்டும்தானா?

சரி, சேதிக்கு வருகிறேன். நம் படக்கதை நாயகன் கோஹேய் டெலிவிஷனுக்குப் போகிறான்! நீ சொல்லச் சொல்ல நான் வரைந்து, மூன்று வருஷமாக வாராவாரம் சிறுவர் பத்திரிகையில் அடி வாங்கிக்கொண்டிருந்த பயல், அக்டோபரிலிருந்து ஞாயிறு மாலைகளில் நடப்பான், பேசுவான், பல்லைத் துப்புவான். குரல் கொடுக்க ஒரு பையனைப் பிடித்திருக்கிறார்கள். உன்னைப் போலவே தொண்டையில் கொஞ்சம் மணல். கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் அதற்குள் கதை செத்துவிடக் கூடாது. வாசகர்கள் அனுப்பும் வாக்கு அட்டைகளில் ஏழாம் இடத்துக்கு இறங்கிவிட்டோம். பத்துக்குக் கீழே போனால் முடித்துவிடச் சொல்வார்கள். ஆசிரியர் அரிமுரா, பக்கங்கள் தயாராகும்வரை என் சமையலறையிலேயே உட்கார்ந்து என் சோற்றைச் சாப்பிடுகிறார். போன வாரம் இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள் கதைக்கு நான் போட்டுக்கொள்ளும் ஆண்பெயரை நம்பி, கதாசிரியர் 'டெட்சுவோ ஐயா'வைப் பார்க்க வாசலுக்கு வந்துவிட்டார்கள். "ஐயா வெளியூர் போயிருக்காரு, நான் இங்க வேலைக்காரி" என்று சொல்லி அனுப்பினேன். குத்துச்சண்டைக் கதையை ஒரு பொம்பளை வரைகிறாள் என்று தெரிந்தால் பத்தாம் இடம் என்ன, பத்திரிகையே இருக்காது.

ஜனவரிக்குப் பிறகு நீ எழுதவே இல்லை. கோபமா? எதற்கு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நீயே சொல், கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா
சடாயே


அமாகாசாகி
2 ஜூன் 1973

அக்காவுக்கு,

கோபம்தான். நீயே கேட்டதால் சொல்கிறேன்.

சண்டைக்கு முன்னால் கழிப்பறையில் உட்கார்ந்து அழுவேன் என்று உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். "சத்தியமா வரைய மாட்டேன்டா" என்றாய். மூன்றாவது வாரம் கோஹேய் கழிப்பறையில் உட்கார்ந்து அழுகிறான், அதுவும் முழுப் பக்கத்துக்கு. இங்கே பயிற்சிக்கூடத்தில் ஒருவன் விடாமல் படிக்கிறான். இரும்பாலை ஷிப்டு முடிந்து வருகிறவர்கள்கூட, "என்னப்பா, உள்ள போய் ரெண்டு சொட்டு விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்கிறார்கள். அம்மா வீட்டைவிட்டுப் போய் நாலு நாள் கழித்துத் திரும்பி வந்த கதையையும் வரைந்தாய். அது உனக்கு மட்டுமா அம்மா?

ஜனவரிச் சண்டையில் நடந்ததும் உனக்குத் தெரியும். ஏழாவது சுற்றில் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். பயிற்சியாளர் குராமோட்டோ ஐயா டவலை எறிந்து சண்டையை நிறுத்திவிட்டார். பத்து வருஷம் எனக்குச் சோறு போட்டு வளர்த்தவரை, அன்றைக்கு உடைமாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் கன்னாபின்னாவென்று பேசிவிட்டேன். இனி செத்தாலும் எனக்காக டவல் எறிவதில்லை என்று அவரைச் சத்தியம் பண்ண வைத்தேன். கிழவர் சத்தியம் செய்தார்.

உன்னிடமும் அதையே கேட்கிறேன். என்னைக் கேட்காமல் என் விஷயம் எதையும் வரையாதே. வாய்ச் சத்தியம் வேண்டாம், உன் வாயை எனக்குத் தெரியும். அம்மாவின் பெயர்ப்பலகையைத் தொட்டுச் செய். செய்தால்தான் இனிக் கடிதம்.

கட்சுமி

பி.கு: கோஹேய் இடது கையை இன்னும் தாழ்வாகத்தான் வைத்திருக்கிறான். அவனுக்கும் டெலிவிஷன்காரர்களுக்கும் சொல். அடி வாங்குகிறவன் நான்.


டோக்கியோ
12 ஜூன் 1973

அன்புக் கட்சுமிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை நாள் பேனாவைத் தொடவில்லை. அரிமுரா, "அம்மா, இன்னிக்கு நாலு பக்கமாவது..." என்று இழுத்தார். "வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க" என்றேன். மனுஷன் நிஜமாகவே மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

அம்மாவின் பெயர்ப்பலகையைத் தொட்டேன். இன்று காலை, குளித்து, சுத்தமாக. என் தம்பி என்னிடம் சொல்வதை அவனைக் கேட்காமல் வரையமாட்டேன். அம்மா சாட்சி.

உண்மையைச் சொல்லட்டுமா? திங்கட்கிழமை காலையில் வெள்ளைத் தாளைப் பார்த்தால் எனக்கு ஒரு கோடும் ஓடாது. அப்போது உன் கடிதங்களை எடுத்து விரிப்பேன். வாக்குக் கொடுத்த ஞாபகமெல்லாம் அந்த நேரத்தில் எங்கேயோ போய்விடும். திருடிதான் நான். வெட்கமாக இருக்கிறது. இந்தத் தடவை அப்படி நடக்காது.

எழுது. கதைக்கு ஒன்றும் வேண்டாம். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அது போதும்.

சடாயே


அமாகாசாகி
20 ஜூலை 1973

அக்காவுக்கு,

செப்டம்பர் இரண்டாம் தேதி பட்டத்துக்கான சண்டை உறுதியாகிவிட்டது. குராமோட்டோ ஐயா பத்தொன்பது வருஷம் காத்திருந்த நாள். ஒரு வாரமாக மனுஷன் கால் தரையில் படவில்லை. இரும்பாலைக்காரர்கள் என் பெயரை எழுதிப் பெரிய துணிக்கொடி தைக்கிறார்கள்.

இனி எழுதுவதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

என் வலது கண் சரியில்லை. ஏப்ரல் சண்டையிலிருந்து கொசு பறக்கிற மாதிரி புள்ளிகள். இப்போது மூக்குப் பக்கமிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறுகிறது. கோபேயில் வேறு பெயர் சொல்லி ஒரு கண் டாக்டரிடம் காட்டினேன். "கண்ணோட உள்சவ்வு பிய்ஞ்சு வருது. இன்னும் நாலு அடி விழுந்தா விளக்கு அணைஞ்சிரும். இடது கண்ணும் மெலிசாத்தான் இருக்கு, பாத்துக்க" என்றார். உள்சவ்வு பிய்ந்தால் குத்துச்சண்டை உரிமம் பறிபோகும், சட்டம் அப்படி.

ஆகஸ்ட் இருபத்தொன்று, செவ்வாய்க்கிழமை, குத்துச்சண்டைச் சங்கத்தின் டாக்டர் நிஷிவாகியிடம் கண் பரிசோதனை. மே மாதப் பரிசோதனையில் எப்படித் தேறினேன் தெரியுமா? விவரமாகவே சொல்கிறேன். சுவரில் அட்டை தொங்கும். அதில் சின்னச் சின்ன வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வாய் திறந்திருக்கும். அவர் குச்சியால் தட்டுவார், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டும். கறுப்புக் கரண்டியால் இடது கண்ணை மூடிக்கொண்டால் எனக்கு அட்டையே தெரியாது. ஆனால் டாக்டருக்கு ஒரு பழக்கம். எப்போதும் வலது ஓர வரிசையை மட்டும்தான் தட்டுவார், மேலிருந்து கீழே, ஒன்றுவிடாமல். குச்சிச் சத்தத்தை எண்ணிக்கொண்டே சொன்னால் போதும்: வலது, மேல், மேல், இடது, கீழ், வலது, கீழ், இடது. அட்டையைப் பதினோரு வருஷமாக மாற்றவில்லையாம். கீழே படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். படம் அசிங்கமாக இருக்கும், நீ திருத்திக்கொள்வாய்.

டாக்டர் உன் ரசிகர். காத்திருக்கும் அறையில் வாராவாரம் பத்திரிகை வாங்கிப் போடுகிறார், முதலில் அவர் படித்துவிட்டுத்தான் போடுவார். "கோஹேய் தேறுவானாப்பா?" என்று என்னிடமே கேட்டார்.

குராமோட்டோ ஐயா முகத்தைப் பார்த்து, 'எனக்குக் கண் தெரியவில்லை, சண்டை வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது அக்கா. டாக்டரே கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் அது வேறு. அப்போது யாருக்கும் யார்மேலும் வருத்தமில்லை. கொடியை மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி இதழுக்கு இப்போதுதானே வரைவாய்? வெயில் கொளுத்துகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

கட்சுமி


டோக்கியோ
27 ஜூலை 1973

கட்சுமி,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். கோடு கோணலாகப் போனால் மன்னித்துக்கொள்.

டேய், வேண்டாம்டா. பட்டமாவது மண்ணாங்கட்டியாவது. நீயே போய்ச் சொல்லிவிடு. குராமோட்டோ ஐயா அழுவார், திட்டுவார், அப்புறம் சோறு போடுவார். அவ்வளவுதான். இங்கே வந்துவிடு. என் சமையலறையில் அரிமுராவுக்கு எதிரில் உட்கார். சும்மா உட்கார்ந்தால் போதும்.

டாக்டருக்கு நானே எழுதிவிடலாமா என்று இரண்டு தடவை தாளை எடுத்தேன். எடுத்த தாளைத் திரும்ப வைத்துவிட்டேன். உன் வாழ்க்கையை உன்னைக் கேட்காமல் ஊருக்குக் காட்டித்தான் உன்னை இழக்க இருந்தேன். மறுபடியும் அதையே செய்தால் நீ எனக்கு இல்லை என்று ஆகிவிடும். நீதான் சொல்ல வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் பயப்படாதே. இது என் பேனாவுக்குப் போகாது. அம்மாமேல் ஆணை.

சடாயே


அமாகாசாகி
10 ஆகஸ்ட் 1973

அக்காவுக்கு,

நலம். எடை குறைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு தக்காளி, ஐஸ்கட்டி இரண்டு. நாக்கு செருப்புத் தோல் மாதிரி இருக்கிறது. தெருவில் யாராவது நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் கேட்டால் அவர்களைக் கொலை செய்யத் தோன்றுகிறது.

இந்த வாரக் கதை பார்த்தேன். ஸ்டேஷன் கடையில் புதன்கிழமை விடிந்ததும் கட்டைப் பிரிக்கிறார்கள், முதல் பிரதி எனக்குத்தான். கோஹேய் பாலத்தின்மேல் நின்று யோசிக்கிறான். ஒரு வாரம் முழுக்க யோசிக்கிறான். நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த புதன் என்ன வருகிறது? கோஹேய்க்குக் கண் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது? சும்மா கேட்டேன். திங்கட்கிழமைகளில் உனக்குப் பக்கம் நிரம்பாதே, இப்போதும் பழைய கடிதங்களை எடுத்து விரிக்கிறாயா?

கட்சுமி


டோக்கியோ
16 ஆகஸ்ட் 1973

அன்புக் கட்சுமிக்கு,

முன்னோர் வந்துபோகும் நாட்கள். அம்மா ஏறித் திரும்பிப் போகக் கத்தரிக்காயில் மாடு செய்து வைத்தேன். நான்கு கால் குச்சியும் சரியாக நிற்காமல் இரண்டு தடவை குப்புற விழுந்தது. அம்மா இருந்திருந்தால், "படம் போடத் தெரியுது, மாட்டுக்குக் கால் வைக்கத் தெரியல" என்றிருப்பாள்.

நீ கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறேன். ஆமாம், விரித்தேன். உன் ஜூலைக் கடிதம் வந்த மறுவாரம் திங்கட்கிழமை. கை தானாகவே போய்விட்டது. பதினெட்டுப் பக்கம். கறுப்புக் கரண்டி, அட்டை, குச்சி தட்டும் சத்தம், வலது, மேல், மேல், இடது. மூன்று வருஷத்தில் அவ்வளவு நன்றாக நான் வரைந்ததில்லை. அரிமுரா படித்துவிட்டுக் கையிலிருந்த சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அந்த மனுஷன் கிண்ணத்தைக் கீழே வைத்து நான் பார்த்ததே கிடையாது. "அம்மா, இது முதலிடம். சந்தேகமே இல்ல" என்றார்.

பெயர்ப்பலகையைப் பார்த்தேன். அவர் கையிலிருந்து பக்கங்களைப் பிடுங்கி, அவர் கண் முன்னாலேயே பதினெட்டையும் கிழித்தேன். மனுஷன் அழுதே விட்டார். அதற்குப் பதிலாக ஒரே நாளில் எதையோ வரைந்து கொடுத்தேன். நேற்று நீ பார்த்திருப்பாயே: கோஹேய் மழையில் ஆற்றங்கரையில் ஓடுகிறான், ஓடுகிறான், ஓடிக்கொண்டே இருக்கிறான். அச்சுக்கு முன்பே ஆபீசில் எல்லாரும் முகம் சுளித்துவிட்டார்கள். ஒன்பதாம் இடம் நிச்சயம். போகட்டும்.

வாழ்க்கையில் முதல் தடவையாக உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன் கட்சுமி. நீ நிம்மதியாக இரு. இனி முடிவு உன்னுடையது. டாக்டரிடம் சொல்லிவிடு என்று காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

சடாயே


அமாகாசாகி
25 செப்டம்பர் 1973

அக்காவுக்கு,

எழுத்து என்னுடையதல்ல. பக்கத்துக் கட்டில் ஹிராபயாஷி ஐயா எழுதுகிறார். டோஃபு கடைக்காரர், ஒரு கண்ணில் கட்டு. ஒரு கண் இருக்கிறவர்தான் இந்த வார்டில் ராஜா.

(வணக்கம் அம்மா. இவன் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். என் கையெழுத்துக்கு மன்னிக்கவும். - ஹிராபயாஷி)

சண்டை உனக்குத் தெரிந்ததுதான். ஐந்தாவது சுற்றில் வலது பக்கம் முழுக்க இருண்டது. அந்தப் பக்கமிருந்து வந்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாவதில் விழுந்தேன், எழுந்தேன், விழுந்தேன். மூலையில் குராமோட்டோ ஐயா டவலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது இடது கண்ணுக்குத் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தார். எறியவில்லை. சத்தியம் செய்திருந்தாரே. நான் கடைசியாகப் பார்த்த முகம் அதுதான்.

வலது கண் போய்விட்டது. இடதை அறுவை செய்திருக்கிறார்கள். இப்போது இருட்டாகத்தான் இருக்கிறது. "வெளிச்சம் வந்தாலும் வரலாம்" என்கிறார் டாக்டர். இருபது நாளாக அதையேதான் சொல்கிறார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் உள்ளேயே அழுகிவிடும்.

நீ வரைவாய் என்றுதான் நான் எழுதினேன்.

என் ஜூலைக் கடிதத்தை எடுத்துப் பார். 'வரையாதே' என்று ஒரு இடத்தில்கூட இருக்காது. என்றைக்கு நான் உன்னிடம் ஒன்றைச் சொல்லி நீ வரையாமல் இருந்திருக்கிறாய்? எத்தனை சத்தியம்! நான் படம்கூடப் போட்டு அனுப்பினேன். எந்த இதழ் என்றும் எழுதினேன். டாக்டர் படிப்பார், அட்டையை மாற்றுவார், நான் மாட்டிக்கொள்வேன். அப்புறம் உன்மேல் ஒரு வருஷம் கோபமாக இருப்பேன். அவ்வளவுதான் நான் போட்ட கணக்கு. வெட்கம் கெட்ட கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். என் வாயால் சொல்ல முடியாததை உன் கையால் சொல்ல வைக்கப் பார்த்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து காலை ஐந்து மணிக்கே ஸ்டேஷன் கடைக்குப் போய்விட்டேன். நின்றபடியே பிரித்தேன். கோஹேய் மழையில் ஓடிக்கொண்டிருந்தான். பின்பக்கத்திலிருந்து இன்னொரு தடவை புரட்டினேன், எங்காவது ஒரு மூலையில் இருக்குமோ என்று. கடைக்கார அம்மா, "தம்பி, வாங்கறதா இருந்தா வாங்கு" என்றாள். சனிக்கிழமை உன் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டும் சரியாகச் சொன்னேன். டாக்டர், "பிரமாதம்பா" என்றார்.

என்னை நிறுத்தக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். இரண்டு பேர் கையையும் நானே கட்டிவிட்டேன். உன்மேல் கோபமில்லை என்று எழுதச் சொல்ல வேண்டும். இன்னும் அப்படிச் சொல்ல வரவில்லை அக்கா. பார்க்கலாம்.

கட்சுமி

(அம்மா, இதை எழுதி முடித்ததும் பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். இன்று சோறு இறங்கவில்லை. நாளை நான் பார்த்துக்கொள்கிறேன். - ஹிராபயாஷி)


டோக்கியோ
6 நவம்பர் 1973

மதிப்பிற்குரிய ஹிராபயாஷி ஐயாவுக்கு,

இந்தக் கடிதத்தை என் தம்பிக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டுங்கள். இடையில் உங்களுக்கே படிக்கச் சங்கடமாக இருக்கும் ஒரு இடம் வரும். அதையும் விடாதீர்கள்.

கட்சுமி,

உன்னைப் பார்க்க இரண்டு தடவை அமாகாசாகி வந்தேன். இரண்டு தடவையும் வார்டு கதவுவரை வந்து, உன் கண்கட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கதவருகே ஆரஞ்சுப் பழம் வைத்தது யார் என்று நர்ஸ் கேட்டிருப்பாள். நான்தான். கோழை.

கிழித்த பதினெட்டுப் பக்கங்களை நான் எறியவில்லை. அரிமுரா துண்டுகளைப் பொறுக்கி உறையில் போட்டு வைத்திருந்தார். உன் கடிதம் வந்த பிறகு கேட்டு வாங்கி, ஒட்டி, கிழிந்த இடத்தில் மறுபடி வரைந்தேன். அக்டோபர் பதினேழாம் தேதி இதழில் வந்தது. உன்னைக் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. சத்தியத்தை உடைத்துவிட்டேன். அம்மா என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும்.

முதலிடம் வந்தது. பத்திரிகைக்கு நாலாயிரம் அட்டை. போன வாரம் அவற்றோடு ஒரு கடிதமும் வந்தது. டாக்டர் நிஷிவாகி எழுதியிருக்கிறார்.

ஹிராபயாஷி ஐயா, இதுதான் அந்த இடம். படியுங்கள்.

அவர் எழுதியது இது: 'புதன்கிழமை காலை காத்திருக்கும் அறையில் உங்கள் கதையைப் படித்தேன். அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் அட்டையைக் கழற்றிவிட்டு வேறு மாட்டினேன். வெள்ளிக்கிழமை ஒரு இளைஞன் புது அட்டையில் ஒரு வளையம்கூடச் சரியாகச் சொல்லவில்லை. அவன் உரிமத்தை நிறுத்திவிட்டேன். வெளியே உட்கார்ந்து அழுதான். அப்புறம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். உங்கள் கதை அவனைக் காப்பாற்றியது.'

இரண்டே நாள் கட்சுமி. புதன் வந்தது, வெள்ளி நிறுத்திவிட்டார். நீ போட்ட கணக்கு சரி. தப்பு என் பக்கம். ஆயுளில் ஒரே ஒரு தடவை நல்லவளாக இருந்தேன். அதற்கு உன் கண்ணைக் கொடுத்தேன்.

இதை உனக்குச் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மறைத்தது போதும்.

நீ ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. வா என்றால் வருகிறேன். வராதே என்றாலும் சரி. பதில் வரும்வரை கதையில் வாராவாரம் கோஹேய் குளியல் தொட்டியிலேயே உட்கார்ந்திருப்பான். அவனை எழுப்ப எனக்குக் கை வரவில்லை.

சடாயே


அமாகாசாகி
15 நவம்பர் 1973

அம்மாவுக்கு ஹிராபயாஷி எழுதுவது.

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். விடாமல் படித்தேன். அந்த இடத்தில் நிறுத்தினேன். "ம், படிங்க ஐயா" என்றான். முடித்ததும், "புது அட்டையில என்ன வரிசையாம்?" என்று கேட்டான். "எனக்கு எப்படிடா தெரியும்?" என்றேன். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

ஞாயிறு மாலைகளில் கூடத்திலிருந்து டெலிவிஷன் சத்தம் வரும். முன்பெல்லாம் கதவைத் திறந்து வைக்கச் சொல்வான். கோஹேய் பேச ஆரம்பித்ததும், "இடது கை தாழ்வா இருக்கா பாருங்க" என்பான். நான் எட்டிப் பார்த்துச் சொல்வேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தச் சொன்னான்.

பதில் எழுதலாமா என்று நாலு நாளாகக் கேட்டேன். "புதன்கிழமை வரட்டும்" என்றான். நேற்றுப் புதன்கிழமை. எனக்கு வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்த நாளும் அதுதான். கிளம்புவதற்கு முன்னால் ஸ்டேஷன் கடைக்குப் போனேன். எண்ணெய்த் தட்டுப்பாட்டால் ஊரில் காகிதத்துக்கு அடிதடி, பத்திரிகை பாதியாக மெலிந்துவிட்டது. கடைசிப் பிரதி கிடைத்தது. கொண்டுவந்து, "டேய், புதன் வந்தாச்சு. படிக்கட்டுமா?" என்றேன்.

வேண்டாம் என்றான்.

பதிலும் வேண்டாம் என்றான். நாளையிலிருந்து என் கட்டிலில் வேறு ஆள் வருவார், அவருக்கு எழுதத் தெரியுமோ என்னவோ. உங்களுக்குத் தெரியட்டும் என்று, அவனைக் கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

ஹிராபயாஷி